முட்டையும் பாலும் மிதமான தீயும்

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தைக் கடந்து, போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் அமைத்த கோட்டையைத் தாண்டி, இரவு எட்டு மணியளவில் நகரத்துக்குள் நுழைகின்ற பிரயாணியின் காதில், கடற்காற்றின் இரைச்சலையும் மீறிக்கொண்டு, இரும்பின்மேல் இரும்பு தாளம் போடும் ஓசை வந்து விழும். அது கொத்துரொட்டிக் கடையின் ஓசை. அகன்ற இரும்புத் தட்டு அடியிலே நெருப்புண்டு காய்ந்து கிடக்க, அதன்மேல் வெங்காயமும் கோவாவும் பச்சை மிளகாயும் வதங்க, முட்டை இரண்டை உடைத்து ஊற்றி, அரிந்த ரொட்டியைக் கொட்டி, இரு கைகளிலும் இரண்டு தகடுகளைப் பிடித்துக்கொண்டு கடைக்காரர் கொத்துகின்ற வேகத்தைப் பார்த்தால், அவர் சமைக்கிறாரா, மத்தளம் வாசிக்கிறாரா என்ற ஐயம் எழும். கடைக்கு வெளியே, இத்தீவின் தெருக்களில் உடையவர் இன்றித் திரியும் கழுதைகளுள் இரண்டு, எப்போதாவது எறியப்படும் கோவாத் தண்டுக்காக, முனிவரைப் போன்ற பொறுமையோடு நின்றுகொண்டிருக்கும்.

அண்மைக் காலத்தில் இக்கொத்துக்குப் புதியதோர் அலங்காரம் சேர்ந்திருக்கிறது. கொத்தி முடியும் தறுவாயில் சிறிது பாலை ஊற்றி, சீஸைத் துருவிப் போட்டு, அது இளகி ரொட்டித் துண்டுகளை ஒன்றோடொன்று பிணைக்கும்வரை புரட்டி எடுத்து, ‘சீஸ் கொத்து’ என்ற பெயரால் வழங்குகிறார்கள். மழை பெய்யும் இரவிலும், வேலை முடிந்து அலுத்துவந்த வேளையிலும், மனம் ஏதோ காரணத்தால் சோர்ந்திருக்கும் பொழுதிலும் இளைஞர்கள் இதையே நாடுகிறார்கள். முட்டை, பால், பாலின் திரட்சி ஆகிய இம்மூன்றும் கூடிய உணவு மனிதனுக்கு விரைவில் ஆறுதல் தருகிறது என்பதை ஐரோப்பியர் ஆம்லெட்டிலும் கஸ்டர்டிலும் கண்டார்கள். நம்மவர் வேறு வழியிலே, வேறு பாலைக்கொண்டு, நெடுங்காலத்துக்கு முன்பே கண்டிருந்தார்கள். இரண்டு வழிகளும் சந்திக்கும் இடம் அடுப்பு. அவ்விடத்தில் நின்று பார்த்தால், இவ்வுணவுகளின் சுகம் முழுவதும் வெப்பமானியின் மிகக் குறுகிய ஒரு பகுதிக்குள் அடங்கியிருப்பது புலப்படும்.

சமையலை விஞ்ஞானத்தின் கண்கொண்டு பார்ப்பது அற்பமான காரியம் என்று எண்ணியவர்கள் பலர். அவ்வெண்ணத்தை உடைக்க முற்பட்டவர்களுள் நிக்கலஸ் குர்ட்டி என்பவர் முக்கியமானவர். மிகத் தாழ்ந்த உஷ்ணநிலைகளைப் பற்றிய ஆராய்ச்சியிலே கீர்த்தி பெற்ற அப்பௌதிக அறிஞர், 1969ஆம் ஆண்டில் லண்டனிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில், சமையலறைக்குள் நுழைந்த பௌதிகனைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். பிற்காலத்தில் அவரோடு சேர்ந்து உழைத்த ஏர்வே தீஸ் என்ற பிரெஞ்சு இரசாயன அறிஞர், முட்டை ஒன்றை எந்தப் பாகையில் வைத்தால் எவ்வாறு பரிணமிக்கும் என்பதைப் பாகை பாகையாகப் பிரித்துக் காட்டினார். பேசாலையிலோ தலைமன்னாரிலோ குசினியில் நிற்கும் ஒரு தாயார் இவர்களுடைய பெயரைக் கேட்டிருக்கமாட்டார். ஆயினும் இவர்கள் வெப்பமானியால் அளந்ததை அவர் விறகை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் அளந்துகொண்டிருக்கிறார்.

முதலில் முட்டையை எடுத்துக்கொள்வோம். வெண்கருவில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைய வெறும் தண்ணீரே. எஞ்சியது பெரும்பாலும் புரதம். மஞ்சட்கருவிலோ பாதி தண்ணீர், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கொழுப்பு, ஆறிலொரு பங்கு புரதம். இவ்வளவு தண்ணீரையுடைய ஒரு பதார்த்தம், சூடு பட்டதும் ஆவியாகி வற்றிப் போகாமல், தன் நீர் முழுவதையும் உள்ளே வைத்துக்கொண்டே கட்டிப்படுவது எவ்வாறு? உலகத்துத் திரவங்கள் பெரும்பாலும் குளிர்ந்தால் உறைகின்றன; முட்டையோ சூட்டிலே உறைகிறது. நாள்தோறும் கண்டு பழகிவிட்டபடியால் நமக்கு இது வியப்பாகத் தோன்றுவதில்லை.

பேசாலைக் கரையிலே, காலை வெயில் ஏறுமுன், நூற்கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு வலை பொத்துகின்றவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் விடை எளிதில் விளங்கும். முட்டைப் புரதத்தின் ஒவ்வோர் அணுத்திரளும் ஒரு நூற்பந்து. நீண்ட சங்கிலி ஒன்று தனக்கென்று வகுத்த முறையிலே சுருண்டு மடிந்து பந்தாகி, தண்ணீரிலே மிதந்துகொண்டிருக்கிறது. பந்துகள் தனித்தனியே உருண்டு திரியும்வரை வெண்கரு திரவமாக ஓடும். சூடு ஏறும்போது பந்துகள் அதிர்ந்து அவிழ்கின்றன. அவிழ்ந்த நூல்கள் ஒன்றையொன்று தொட்டு முடிச்சிட்டுக்கொள்கின்றன. முடிச்சுகள் பெருகப் பெருக வலை உருவாகிறது. இவ்வலையில் அகப்படும் மீன் தண்ணீரே. வலையின் கண் அகலமாக இருக்கும்போது தண்ணீர் தாராளமாக உள்ளே தங்கும். அப்போது முட்டை வாயில் வைத்ததும் வழுக்கிக் கரையும். சூட்டை மேலும் மேலும் கூட்டினால் நூல்கள் இறுகி, கண் சிறுத்து, உள்ளே இருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அப்போது முட்டை ரப்பராகிறது, அதன் பக்கத்தில் நீர் தேங்குகிறது.

இவ்விறுக்கம் படிப்படியாக நிகழ்வது. வெண்கருவிலுள்ள புரதங்கள் பல. ஒவ்வொன்றும் அவிழும் உஷ்ணம் வேறு. ஏறத்தாழ 62 பாகை செல்சியஸில் அவற்றுள் ஒன்று அவிழத் தொடங்க, கண்ணாடி போன்றிருந்த வெண்கரு பால் வண்ணம் கொள்கிறது. ஆயினும் வெண்கருப் புரதத்தில் பாதிக்கு மேற்பட்டதாகிய ஓவல்புமின் என்பது 80 பாகையை அணுகும்வரை அசையாது. மஞ்சட்கருவோ 65 பாகையில் தடித்து, 70 பாகையளவில் நின்றுவிடுகிறது. ஆகவே 60க்கும் 85க்கும் இடைப்பட்ட இருபத்தைந்து பாகைக்குள்ளேதான், முட்டையின் பால்யம், யௌவனம், முதுமை ஆகிய மூன்று பருவங்களும் நடந்து முடிகின்றன. ஜப்பானியர் வெந்நீரூற்றுகளிலே முட்டையை நெடுநேரம் போட்டுவைத்து, மஞ்சட்கரு திரண்டும் வெண்கரு குழைந்தும் இருக்கும் விசித்திரமான முட்டையை எடுப்பது இந்த நுட்பத்தினாலேயே. நம்முடைய திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் அவ்வாறு செய்ய முயல்பவர் ஏமாறுவார். அங்கே ஊறும் நீர் உடம்பு தாங்கும் சூடுடையது, புரதம் அவிழப் போதாது.

அளவு மீறி அவித்த முட்டையை இரண்டாக வெட்டினால் மஞ்சட்கருவைச் சுற்றிப் பசுங்கரும் வளையம் ஒன்று தெரியும். வெண்கருவிலுள்ள கந்தகம் சூட்டினால் வாயுவாகி உள்நோக்கி நகர்ந்து, மஞ்சட்கருவிலுள்ள இரும்பைச் சந்தித்து இட்ட கையொப்பம் அது. தீமை ஒன்றும் செய்யாது. சமைத்தவர் அடுப்பை மறந்து போனார் என்பதை மட்டும் ஊருக்குச் சொல்லிவிடும். புதிதாக இட்ட ஊர்க்கோழி முட்டை அவித்தபின் ஓட்டோடு தோலாக ஒட்டிக்கொண்டு உரிய மறுப்பதும், நாலைந்து நாள் சென்ற முட்டை வழுவழுவென்று உரிவதும் இவ்வகையிலேயே விளங்கும். ஓட்டிலுள்ள பல்லாயிரம் நுண்துளைகள் வழியாகக் கரியமிலவாயு நாள்தோறும் கசிந்து போக, வெண்கருவின் காரத்தன்மை ஏறுகிறது. ஏற ஏற, உட்தோலைப் பற்றியிருந்த பிடி தளர்கிறது.

இனிப் பாலுக்கு வருவோம். வருமுன் ஓர் அடுப்பங்கரைக் காட்சியைக் கூறவேண்டும். என் இளமையில் ஒரு சோழகக் காலத்து மாலை, பேசாலையில் உறவுமுறையான மாமி ஒருவர் வீட்டில் தங்க நேர்ந்தது. காற்று மிகுந்தபடியால் தோணிகள் கடலுக்கு இறங்கவில்லை. மீனில்லாத வீட்டில் இராச்சாப்பாட்டுக்கு என்ன செய்வதென்று அதிகம் யோசியாமல், மாமி தேங்காய் ஒன்றை உடைத்துத் திருவலையின் முன் உட்கார்ந்தார். திருவிய பூவில் சிறிது வெந்நீர் தெளித்துப் பிழிந்த முதற்பாலை ஒரு கிண்ணத்தில் புறம்பே வைத்தார். மீண்டும் தண்ணீர் விட்டுப் பிழிந்த கப்பிப்பாலைச் சட்டியில் ஊற்றி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள் ஆகியவற்றை இட்டு அடுப்பில் ஏற்றினார். வெங்காயம் வெந்து மணம் எழுந்ததும், நான்கு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சட்டியின் ஓரத்திலே தட்டி, நுரைக்குள் மெல்ல நழுவவிட்டார். அதன் பின்னரே கிண்ணத்திலிருந்த முதற்பால் உள்ளே போயிற்று. போனதும் என்னைப் பார்த்து, “தம்பி, அந்தப் பனைமட்டையை வெளியிலை இழுத்துவிடு. முதற்பால் விட்டாச்செண்டால் கொதிக்க விடக்கூடாது, திரைஞ்சு போம்” என்றார். நான் இழுத்தேன். தணலின் சூட்டிலே அகப்பையைச் சட்டியின் ஓரமாக மட்டும் ஓட்டிக்கொண்டு நின்று, சற்று நேரத்தில் சட்டியை இறக்கிவைத்து, இறக்கிய பின் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்தார். இடியப்பத்தின் மேல் அந்தச் சொதியை ஊற்றியபோது, வெண்கரு பட்டுப்போலவும் மஞ்சட்கரு தேன்போலவும் இருந்தது.

அன்று நான் இழுத்த பனைமட்டையின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. தேங்காய்ப்பால் என்பது தண்ணீரும் எண்ணெயும் செய்துகொண்ட ஒரு தற்காலிக உடன்படிக்கை. தண்ணீர் அதிகம் சேராது பிழிந்த பாலில் மூன்றிலொரு பங்கு வரையில் கொழுப்பு இருக்கும். அக்கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துளியும் தேங்காய்ப் புரதத்தால் ஆன மெல்லிய சட்டை ஒன்றை அணிந்துகொண்டு நிற்பதனால், துளியோடு துளி சேர்ந்து எண்ணெயாகிவிடாமல் தடுக்கப்படுகிறது. அத்துளிகள் எல்லாத் திசையிலும் ஒளியைச் சிதறடிப்பதால்தான் பால் வெண்மையாகத் தோன்றுகிறது. இந்தச் சட்டை சூட்டுக்கு அஞ்சுவது. 80, 90 பாகையில் அப்புரதமும் முட்டைப் புரதத்தைப் போலவே அவிழ்ந்து திரள, சட்டை கிழிந்த துளிகள் ஒன்றோடொன்று கலந்து எண்ணெயாய் மேலே மிதக்கின்றன. கீழே திப்பியும் நீரும் நிற்கின்றன. தேங்காய்ப்பாலைக் கொதிக்கவைத்து எண்ணெய் எடுப்பவர்க்கு இதுவே வேண்டியது. சொதி வைப்பவர்க்கு இதுவே விபத்து.

பசுவின் பாலோ நேர்மாறான சுபாவமுடையது. அதைப் பொங்கப் பொங்கக் காய்ச்சினாலும் திரைவதில்லை. அதன் பிரதான புரதமாகிய கேசீன் மற்றப் புரதங்களைப் போல இறுகச் சுருண்ட பந்தன்று; ஆகவே சூடு வந்து அவிழ்ப்பதற்கு அதில் அதிகம் ஒன்றுமில்லை. சுண்ணாம்புச் சத்தின் பிணைப்பால் ஒன்றுகூடிய சிறு சிறு உருண்டைகளாக அது பாலில் மிதக்கிறது. அதன் பகைவன் வெப்பத்தைக் காட்டிலும் புளிப்பே. புளிப்பு ஏறி அமிலத்தன்மையின் அளவுகோல் 4.6 என்ற எண்ணுக்கு இறங்கியதும், உருண்டைகள் ஒன்றையொன்று விலக்கும் சக்தியை இழந்து கூடிக்கொள்கின்றன, தயிர் தோன்றுகிறது. கட்டுக்கரைக்குளத்துப் பக்கம் மேயும் எருமையின் பாலில் ஏறத்தாழ ஏழு சதவீதம் கொழுப்பு இருப்பதால், அத்தயிர் மண்சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது; நான்கு சதவீதத்தையே உடைய பசுப்பாலின் தயிர் அவ்வளவு திடமாக நிற்பதில்லை.

காய்ச்சாத பாலை அசையாது வைத்தால் மேலே ஒதுங்கும் கொழுத்த பகுதியே மேனாட்டார் கிரீம் என்று எடுத்துக்கொள்வது. கட்டியான கிரீமில் முதற்பாலைப் போலவே மூன்றிலொரு பங்குக்கு மேல் கொழுப்புண்டு. ஆனால் அதில் திரையக்கூடிய புரதம் மிகச் சொற்பமாகவும், காவலுக்கு நிற்கும் கொழுப்புத் துளிகள் மிக அதிகமாகவும் இருப்பதால், சிறிது புளிப்போடு கொதித்தாலும் கலங்குவதில்லை. ஆகவே ஐரோப்பியச் சமையற்காரன் கிரீமை அடுப்பின்மேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். முதற்பாலை ஊற்றிவிட்ட மன்னார்த் தாய் அடுப்பை விட்டு நகரமுடியாது. இரண்டும் நாவுக்குத் தரும் சுகம் ஒன்றே. அடுப்படியில் கேட்கும் விலை மட்டும் வேறு.

பாலின் மூன்றாவது அவதாரமாகிய சீஸுக்குத் தமிழில் நாம் இட்ட பெயர் பாலாடைக்கட்டி. காய்ச்சிய பாலின்மேல் படரும் ஆடைக்கும் இதற்கும் உறவு சிறிதேயாகையால், பெயர் சற்று வழுவியதே. ஆடை, கொழுப்பும் புரதமும் காற்றுப்பட்ட மேற்பரப்பில் காய்ந்து படிந்த தோல். சீஸோ, கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைமருந்தால் பாலின் கேசீன் முழுவதையும் திரளச்செய்து, நீரை வடித்து, உப்பிட்டு அழுத்தி, மாதக்கணக்கில் பரிபக்குவப்படுத்திய பொருள். பத்து லீற்றர் பாலுக்கு ஒரு கிலோ அளவே கெட்டியான சீஸ் தேறும். சிங்களத்தில் இதற்குக் ‘கேஜு’ என்ற பெயர் வழங்குகிறது. அது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல். பாணையும் குசினியையும் மேசையையும் போர்த்துக்கேயரிடமிருந்து எடுத்துக்கொண்ட நம் தமிழ் இந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குப் பின் 1658 முதல் 1795 வரையில் மன்னார்க் கோட்டையைக் கட்டியாண்ட ஒல்லாந்தர், உலகத்தில் சீஸ் தின்பதிலே பெயர் பெற்ற சாதியார். அவர்களாலும் அப்பண்டத்தை இக்கரையில் வேரூன்றச் செய்ய முடியவில்லை.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. சீஸ் முதிர்வதற்கு நிலவறையின் குளிர்ச்சி வேண்டும். பத்துப் பதினைந்து பாகையளவிலே மாதக்கணக்காக அது உறங்கவேண்டும். பனையும் உவர்நிலமுமாகக் கிடக்கும் இத்தீவிலோ வருஷம் முழுவதும் உஷ்ணம் ஏறத்தாழ 28 பாகையைச் சுற்றியே நிற்கிறது. அந்தச் சூட்டில் பாற்கொழுப்பு பாதி இளகிச் சீஸ் வியர்த்துவிடும். கிருமிகள் பெருகி அதன் குணத்தையே மாற்றிவிடும். நம் முன்னோர் பாலைக் காப்பாற்ற மோராகவும் நெய்யாகவும் மாற்றியது சீதோஷ்ணத்தோடு செய்துகொண்ட சமாதானம்.

பிறகு சீஸ் இங்கு வந்தது எவ்வாறு? சுவிட்ஸர்லாந்தில் 1911ஆம் ஆண்டில் வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர், வெப்ப தேசங்களுக்கு அனுப்பினாலும் கெடாத சீஸைச் செய்யும் வழியைத் தேடினார்கள். சீஸைச் சும்மா உருக்கினால் அது பிளந்துபோகும். புரதம் அடியிலே ரப்பராய்ச் சுருள, எண்ணெய் மேலே மிதக்கும். அவர்கள் சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சிறிது சேர்த்தபோது சீஸ் பிளவாமல் தேன்போல இளகியது. கேசீன் உருண்டைகளைக் கட்டிவைத்திருந்த சுண்ணாம்புச் சத்தை அவ்வுப்பு பறித்துக்கொள்ள, கட்டவிழ்ந்த கேசீன் நீரில் பரந்து, கொழுப்புத் துளிகளுக்குப் புதிய சட்டையாக அமைந்துவிடுகிறது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் தம்முடைய முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் இந்தப் பதனிட்ட சீஸ் தகரத்திலும் பின்னர் மெல்லிய தகட்டுத் தாளிலும் அடைபட்டு உலகெங்கும் சென்றது. கொத்துக்கடையில் இன்று இளகுவது பெரும்பாலும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே.

இங்கே இயற்கையின் ஒரு வேடிக்கையைக் கவனிக்கவேண்டும். சிட்ரேட் என்பது எலுமிச்சை இனத்துக் கனிகளிலுள்ள அமிலத்திலிருந்து பிறந்த உப்பு. மாமி சொதியை இறக்கிய பிறகே பிழிந்த தேசிக்காய்ப் புளி, கொதிக்கும் சட்டியில் விழுந்திருந்தால் முதற்பாலைத் திரைத்திருக்கும். அதே அமிலம் சோடியத்தோடு மணம் புரிந்து உப்பாகிவிட்டால், சீஸைத் திரையவிடாமல் காக்கும் காவலனாகிறது. ஒரே பொருள் ஓர் அடுப்பில் பகையாகவும் மற்றோர் அடுப்பில் நட்பாகவும் நிற்கிறது.

கொத்துத் தட்டின் உஷ்ணமோ முட்டையின் எல்லையையும் பாலின் எல்லையையும் வெகுதூரம் தாண்டியது. அங்கே இவையெல்லாம் சிதறிப்போகாமல் எப்படிப் பிழைக்கின்றன? முதலாவது, கடைக்காரர் கையின் வேகம். எந்தத் துணுக்கும் தட்டை நெடுநேரம் தொட்டுக்கொண்டிராமல் அவர் இடைவிடாது புரட்டுகிறார். இரண்டாவது, ரொட்டியின் மாப்பொருள். அது பாலையும் முட்டையையும் உறிஞ்சிப் பருத்து, புரத நூல்களின் நடுவே புகுந்து, அவை நெருங்கி இறுகுவதைத் தடுக்கிறது. மூன்றாவது, சீஸைக் கடைசியில் சேர்க்கும் முறை. தகடுகளின் தாளம் பார்ப்பவர்க்கு ஆரவாரம். பதார்த்தத்துக்கு அது பாதுகாப்பு.

ஆரவாரம் சிறிதும் இன்றி இதே காரியத்தை வேறொரு வழியில் முடிப்பது வட்டிலப்பம். முட்டையும் முதற்பாலும் கித்துள் கருப்பட்டியும் ஏலமும் சாதிக்காயும் சேர்த்து அடித்து, வட்டிலில் ஊற்றி, நீராவியில் அவித்தெடுக்கும் இப்பண்டம், ஒல்லாந்தர் காலத்தில் இங்கு வந்த மலாயரிடமிருந்து பரவியது என்பது பொதுக் கருத்து. பெயர் மட்டும் தெளிந்த தமிழ். மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் பெருநாட் காலை இதோடுதான் விடியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளப் பகுதியின் ஓலைக் கொட்டில்களில் நெடுங்காலம் வாழநேர்ந்தவர்களுக்கும், ஒரு பானை, ஒரு வட்டில், கொஞ்சம் விறகு இவை கிடைத்தால் ஊரின் பெருநாளை மீட்டுக்கொள்ள முடிந்தது. அதன் பௌதிகமும் அவ்வாறே எளியது. முட்டைப் புரதம் தேங்காய்ப்பாலிலே ஐதாகக் கலந்துவிட்டபடியால் நூலும் நூலும் சந்திப்பது அரிதாகிறது. கருப்பட்டியின் இனிப்பும் பந்துகள் அவிழ்வதைத் தாமதப்படுத்துகிறது. ஆதலால் தனிமுட்டை 70 பாகையில் நிற்க, இக்கலவை 80 பாகையைக் கடந்தே நிற்கும். நீராவி 100 பாகைக்கு மேல் ஏறாது என்பது இயற்கையே வைத்த வரம்பு. அதற்கும் கலவைக்கும் இடையிலுள்ள மண்ணோ பீங்கானோ சூட்டை மெல்ல மெல்ல உள்ளே விடும். நெருப்பு மிகுந்து நீர் துள்ளிக் கொதித்தால், கலவைக்குள்ளேயே ஆவிக்குமிழ்கள் எழுந்து துளை துளையாக நின்றுவிடும். அத்துளைகளில் பாகு ஊறி நிற்பதையே விரும்பி உண்பவர்களும் உண்டு. ருசியின் நியாயஸ்தலத்தில் பௌதிகத்துக்குத் தீர்ப்புரைக்கும் அதிகாரம் இல்லை.

இனி, இவ்வுணவுகள் நாவைத் தாண்டி மனத்தைத் தேற்றுவது எதனால் என்பதைச் சிறிது சிந்திக்கலாம். மென்மை ஒரு காரணம். பல்லுக்கு வேலையின்றி இளஞ்சூட்டோடு இறங்கும் உணவு குழந்தைப் பருவத்தையும் நோயுற்றிருந்த நாட்களையும் நினைவூட்டும். கொழுப்பு மற்றொரு காரணம். ஏலத்தின் மணமும் கறிவேப்பிலையின் மணமும் நீரில் கரைவதைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைந்து, நாவிலே நின்று நிதானமாக வெளிப்படுகின்றன. மூன்றாவது காரணத்தைக் கண்டவர் ஜப்பானிய இரசாயன அறிஞர் கிகுனே இகேடா. உவர்ப்பு, புளிப்பு, இனிப்பு, கைப்பு என்ற நான்கிலும் அடங்காத ஒரு நிறைந்த ருசி கடற்பாசிச் சாற்றில் இருப்பதை ஆராய்ந்து, அது குளுட்டமேட் என்ற பொருளால் விளைவது என்று 1908ஆம் ஆண்டில் அவர் நிறுவினார். சீஸ் முதிரும்போது அதன் புரதம் சிதைந்து குளுட்டமேட் தனியே வெளிப்படுகிறது. முதிர்ந்த சீஸின் வசீகரத்தில் பெரும்பங்கு அதற்கே உரியது. தாயின் பாலில் தனித்து நிற்கும் அமினோ அமிலங்களுள் மிகுதியாக இருப்பதும் இதுவே. ஆகவே இந்த ருசியை நாம் முதன்முதல் அறிந்தது நாவுக்குப் பேச்சு வருவதற்கும் முன்பு.

சீஸ் இல்லாத மன்னார் இந்த ருசிக்கு எங்கே போயிற்று? கடலுக்குப் போயிற்று. சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோலக் காயவைத்த மாசி, மாலைதீவிலிருந்து தலைமுறை தலைமுறையாக நம் கரைகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. இகேடாவின் மாணவர் ஷிந்தாரோ கோடாமா 1913ஆம் ஆண்டில் இதே இன மீனிலிருந்து ஜப்பானியர் செய்யும் கருவாட்டை ஆராய்ந்து, அதிலுள்ள இனொசினேட் என்ற பொருளும் அத்தகைய நிறைந்த ருசியையே தருகிறதென்று கண்டார். குளுட்டமேட்டும் இனொசினேட்டும் ஒருங்கே நாவைத் தொட்டால், ருசி கூட்டலாக அன்றிப் பெருக்கலாக வளர்கிறது. இடித்த மாசியையும் வெங்காயத்தையும் மிளகாயையும் போட்டு அடித்து, தாச்சியில் ஊற்றும் முட்டைப் பொரியலிலும், இடியப்பத்துக்குத் துணையாக வரும் மாசிச் சம்பலிலும், ஐரோப்பியன் சீஸால் தேடிய அதே நிறைவை இக்கரையார் மீனால் எட்டினார்கள். ஓரிடத்துக் கிரீம் இன்னோரிடத்து முதற்பால். ஓரிடத்து முதிர்ந்த சீஸ் இன்னோரிடத்து மாசி. இரண்டிடத்திலும் முட்டை மட்டும் மாறாத பொதுப் பொருள்.

மாறாதது இன்னொன்றும் உண்டு. இவ்வுணவுகள் விரைவில் ஆகிவிடுகின்றன என்பதைக் கண்டு, நெருப்பையும் விரைவாக எரிக்கவேண்டும் என்று எண்ணுபவர்களே முட்டையை ரப்பராக்குகிறார்கள், பாலைத் திரைக்கிறார்கள். பனைமட்டை குபீரென்று பற்றியெரியும் விறகு. அதை நம்பிச் சமைப்பவருக்கு, எரிப்பதைவிட எப்போது நிறுத்துவது என்பதே கற்கவேண்டிய பாடம். ஆறிக்கிடக்கும் முட்டையை 70 பாகைக்குக் கொண்டுபோகச் சில நிமிஷமே போதும் என்பதனால் உணவு விரைவாக முடிகிறது. அந்தச் சில நிமிஷமும் அடுப்பின் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதனால் அது எளிதாக முடிவதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது வாயு அடுப்பு. இழுத்துவிட விறகு இல்லை, திருகிவிடக் குமிழ் உண்டு. மழைக்கால இரவுகளில் கப்பிப்பால் கொதித்து, முட்டை நழுவி விழுந்து, முதற்பால் உள்ளே இறங்குகின்ற அந்தக் கணத்தில், குமிழைத் திருகுகின்ற என் கை, பேசாலையின் அடுப்பங்கரையில் பனைமட்டையைப் பற்றிய அதே கையாகிவிடுகிறது. மாமி இன்று இல்லை. ஆனாலும் அகப்பையைச் சட்டியின் ஓரமாகவே ஓட்டுகிறேன். தேசிக்காயைச் சட்டியை இறக்கிய பிறகே பிழிகிறேன்.